கடைசிப் பெட்டிக்கு ஓர் ஆள் தேவை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் புகையில்லா அடுப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். சிரிக்காதீர்கள், அப்போது அது பெரிய விஷயம். விறகுப் புகையில் பெண்களின் கண்ணும் நெஞ்சும் கெட்டுப்போகின்றன என்று சர்க்காருக்கே கவலை வந்து, மண்ணால் கட்டுகிற ஒரு புது மாதிரி அடுப்பையும், புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட ஒரு சிமெண்டுக் குழாயையும் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் குழாய்கள் வந்து இறங்கி வெகுகாலம் ஆகியும் ஒரு வீட்டில்கூட அடுப்பு மாறவில்லை. ஒரு குழாய் வாய்க்கால் மேட்டில் தண்ணீர் தாண்டிப் போகக் கிடந்தது. இன்னொன்றில் அவரைக் கொடி ஏறியிருந்தது. மற்றவை எல்லாம் பஞ்சாயத்து ரேடியோ அறையில் அடுக்கிக் கிடக்க, அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஏன் இந்த ஊர் அடுப்பை மாற்றவில்லை? இதுதான் என் ஆராய்ச்சிக் கேள்வி.

நான் அப்போது தர்மபுரியில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எம்.லிட். பட்டம் வந்தால் கல்லூரியில் வேலை நிச்சயம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வீடு இண்டூரில். அப்பாவுக்குக் கடலைக்காடும் கோயில் பூசையும் தவிர வேறு எதுவும் தெரியாது.

"அட சாமி! அடுப்பப் பத்திப் படிக்கறதுக்கு எதுக்கு புள்ள காலேஜு? உங்கம்மாளக் கேட்டாப் போவாதா?" என்பார்.

அதற்குள் இரண்டு மாப்பிள்ளை வீட்டாரை நான் திருப்பி அனுப்பியிருந்தேன். அந்தக் கோடையோடு என் வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழ வேண்டும். விழவில்லை என்றால் வேறொருவரிடம் போய் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "அப்பறம் அடுப்பும் கெடையாது கிடுப்பும் கெடையாது, மூனாவது மாப்ள வருவான், கட்டிக்க" என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

உண்மையைச் சொன்னால் என் கேள்விக்கு முதல் நாளே பதில் கிடைத்துவிட்டது. பஞ்சாயத்து பிரசிடென்ட்டின் வீட்டம்மா களி கிண்டிக்கொண்டே சொல்லிவிட்டார். "பொகை மேல போனாத்தான் கண்ணு, கட்டித் தொங்கவுட்ட சோளக்கதிர்ல பூச்சி வுழாது. கூரையில ஓட்ட போட்டா மழ ஒழுவும். அந்தக் கொழா அடுப்புல எங்க பானை ஒக்காராது. இதுக்குப் போயி பஸ்ஸேறி வந்தியா?" அடுத்தடுத்த வீடுகளிலும் இதே பதில்தான். எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டு சேலத்துக்கு ஓடினேன்.

பேராசிரியர் இரண்டே பக்கம் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சட்டகம் எங்கம்மா?"

"என்னங்க சார்?"

"கோட்பாட்டுச் சட்டகம். அப்புறம் கருத்துச் சட்டகம். ரெண்டையும் காணோமே. சட்டகம் இல்லாம நேரா ஊருக்குள்ள போயிட்டியா?" நான் செருப்புக் காலோடு கோயிலுக்குள் போய்விட்டது மாதிரி கேட்டார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கோட்பாட்டுச் சட்டகம் என்பது பெரிய அறிஞர்கள் கட்டி வைத்த வீடாம், கருத்துச் சட்டகம் என்பது அந்த வீட்டில் நான் குடியிருக்கப்போகும் அறையாம்.

"அப்ப ஊரு எங்கங்க சார் இருக்குது?"

"ஊர் அப்புறம் வரும்" என்றார்.

பிறகு ஒரு தாளை எடுத்து, மேலிருந்து கீழாக நான்கு பெட்டி வரைந்தார். முந்துவோர், தொடர்வோர், தயங்குவோர், பின்தங்குவோர். உலகத்தில் எந்த ஊரில் எந்தப் புதுப் பொருள் வந்தாலும் ஜனங்கள் இந்த நான்கு பெட்டியில்தான் விழுவார்களாம். பெட்டிக்குப் பெட்டி அம்பு போட்டார். கீழ்ப் பெட்டியிலிருந்து மேல் பெட்டிக்கு ஓர் அம்பை வளைத்துக் கொண்டுபோனார். "அம்பு போனாத் திரும்பி வரணும். திரும்பி வராத அம்பை எந்தப் பல்கலைக்கழகமும் ஒத்துக்காது" என்றார். அடுப்பை மாற்றாததற்கான காரணங்களையும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்: அறியாமை, வறுமை, பழைமைப் பிடிப்பு.

"சார், சோளக்கதிர்ல பூச்சி வுழும்னு சொல்றாங்க."

"அது பழைமைப் பிடிப்புல வரும்."

"கூரை ஒழுவும்னும் சொல்றாங்க."

"வறுமை."

"பானை ஒக்காரலைங்க சார்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அறியாமையில போடு" என்றார். பானையின் அறியாமையா, பானைக்காரியின் அறியாமையா என்று கேட்க வாய் துடித்தது. கையெழுத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஒருவருமே அடுப்பு கட்டாத ஊரில் முந்துவோரை எங்கே தேடுவது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. மனநிலையை அளக்க வேண்டுமாம். ரேடியோ கேட்கிறாரா, டவுனுக்குப் போகிறாரா, சைக்கிள் வைத்திருக்கிறாரா என்று குடும்பத் தலைவர்களிடம் கேட்டு மதிப்பெண் போட்டு, பெட்டி பிரிக்க வேண்டுமாம். சமைக்கிறவர்களைக் கேட்க வேண்டாமா என்றேன். "ஆராய்ச்சிக்கு அலகு குடும்பம்மா. குடும்பத்துக்குத் தலைவர்தான் பேசணும்" என்றார். ஆகவே வாழ்நாளில் ஒரு தடவைகூட அடுப்பு ஊதியிராத ஆண்களிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினேன். பாவம், அவர்களும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

அந்தச் சட்டகம் இங்கிலீஷில் எனக்கே சரியாக மண்டையில் ஏறவில்லை. அதனால் பெரிய சார்ட் பேப்பரில் தமிழில் வரைந்து, பெட்டிக்குள் குடும்பத் தலைவர்களின் பெயர்களை எழுதி, நான் உட்கார்ந்து வேலை செய்யும் ரேடியோ அறைச் சுவரில் ஒட்டினேன். அன்று சாயங்காலம் விவசாயச் செய்தி கேட்க வந்த ஆண்கள் ரேடியோவை விட்டுவிட்டு அதைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் மேலிருந்து கீழாகப் பெயர்கள் எழுதியிருந்தால் அது ஒன்றே ஒன்றுதான், கல்யாணப் பத்திரிகை. அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதற்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றிருக்கிறது, பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தவர் எழுந்து போயிருக்கிறார். தாய்மாமன் பெயர் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது என்று அச்சாபீசுக்கே ஆள் போய்ப் பத்திரிகையை மாற்றி அடித்த கதை எங்கள் வீட்டிலேயே உண்டு. அந்த ஊர் ஆண்கள் என் கருத்துச் சட்டகத்தை அப்படித்தான் படித்தார்கள்.

பிரசிடென்ட் மூன்றாவது பெட்டியில் இருந்தார். அவருடைய பங்காளி ஒருவர் சைக்கிள் வைத்திருந்த ஒரே புண்ணியத்தில் முதல் பெட்டியில் இருந்தார்.

பிரசிடென்ட் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "டீச்சரம்மா, இது நாயமுங்களா? கோயில்ல மொத மரியாத எங்க வூட்டுக்குத்தானுங்க. காலங்காலமா அப்பிடித்தான். நீங்க என்னடான்னா அவனத் தூக்கி மேல வெச்சு, என்னையக் கொண்டாந்து இங்க குந்த வெச்சிருக்கறீங்க!"

"பிரசிடென்ட் அண்ணா, இது மரியாதை இல்லீங்க. இது மனநிலை."

"மனநெலையோ மசநெலையோ, மேலதான இருக்குது?"

இன்னொருவருக்கு அம்பு பிடிக்கவில்லை. "எங்க வூட்டுல இருந்து அவன் வூட்டுக்கு எதுக்குங்க கோடு போவுது? வரப்புத் தகராறுல இருந்து நாங்க பேச்சுவார்த்தையே இல்லீங்களே. அழிச்சுப்போடுங்க" என்றார். அது அவருக்குப் போகும் கோடு இல்லை, ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குக் கருத்து பரவும் திசை என்று தொண்டை வற்ற விளக்கினேன். "அவங்கிட்ட இருந்து எங்களுக்கு ஒன்னும் பரவ வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார்.

கடைசிப் பெட்டிக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சொந்தக்காரர்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கிறார்கள், இது அவர்கள் காதுக்குப் போனால் தலைகாட்ட முடியுமா என்று ஒருவர் அழாத குறையாக நின்றார். மேலே போக என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருமாகக் கேட்டார்கள். அடுப்பு கட்ட வேண்டும் என்றேன். வேறென்ன சொல்வது?

"அவ்ளோதானுங்களா?" என்றார் பிரசிடென்ட்.

அடுத்த வாரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊரே சேறும் மண்ணுமாக இருந்தது. ரேடியோ அறையில் ஒரு குழாய்கூட இல்லை, கோழிகள் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தன. வாய்க்கால் மேட்டுக் குழாயையும் பிடுங்கியாகிவிட்டது. பூவோடிருந்த அவரைக் கொடியை இரக்கமில்லாமல் அறுத்துப் போட்டுவிட்டு அந்தக் குழாயையும் கொண்டுபோயிருந்தார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பு. பிரசிடென்ட் வீட்டில் இரண்டு. பங்காளியைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டாமா? அந்த அடுப்புகளுக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, கோலமும் போட்டிருந்தார்கள். எல்லாம் சரி, ஒன்றில்கூடச் சாம்பல் இல்லை. பழைய அடுப்பைப் பின்கட்டில் வைத்து, பெண்கள் எப்போதும்போல் புகையில் வெந்துகொண்டிருந்தார்கள்.

"ஏங்க பத்த வெக்கல?" என்று பிரசிடென்ட்டின் வீட்டம்மாவைக் கேட்டேன்.

"பத்த வெச்சாக் கருத்துப்போவும்னு அவரு வுட மாட்டேங்கறாரு கண்ணு. நீ பேரு எழுதற வரைக்கும் யாரும் தொடப்படாதாம்."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பெயர்களை மாற்றி எழுதி முடித்தபோது ஊர் முழுவதும் முதல் பெட்டியில். இடம் போதாமல் பெயர்கள் பெட்டியைத் தாண்டி ஓரத்தில் தொங்கின. மற்ற மூன்று பெட்டிகளும் துடைத்து வைத்ததுபோல் காலி.

சேலத்துக்குப் போய்ச் சொன்னேன். அடுப்பை யாரும் மூட்டவில்லை என்பதைப் பேராசிரியர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "மூட்டறது என் சட்டகத்துல இல்லை, ஏற்பு மட்டும்தான் இருக்கு" என்றார். ஆனால் காலிப் பெட்டிகளைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"நடு ரெண்டையும் கட்டின தேதியை வெச்சுப் பிரிச்சு ரொப்பிக்கலாம். பின்தங்குவோருக்கு என்னம்மா பண்றது? கடைசிப் பெட்டி காலியா இருந்தா மேல் பெட்டிக்கு அர்த்தமே இல்லை. கோட்பாடே பொய்னு ஆயிடும். நான் ஓய்வு பெறப்போற நேரத்துல கோட்பாட்டைப் பொய்யாக்கறியா?"

"ஒரே ஒரு வீட்டுல கட்டல சார்" என்றேன்.

அது உண்மைதான். ஊர்க் கோடியில் ஓர் அக்கா இருந்தார். வீட்டுக்காரர் பெங்களூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனவர், திரும்பி வரவில்லை. குடும்பத் தலைவர் ஊரில் இல்லாததால் என் கணக்கில் அந்த வீடே இல்லை. ஒட்டுக்குடிசை, ஜன்னல் கிடையாது. இருமல் ஆரம்பித்தால் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அத்தனை பேரும் குழாய்க்கு அடித்துக்கொண்டபோது அவர் காட்டு வேலைக்குப் போயிருந்தார். வந்து பார்த்தால் குழாய் இல்லை. "எனக்கும் ஒன்னு வேணுமுங்க டீச்சர். பேரெல்லாம் எழுத வேண்டாமுங்க" என்று என்னிடம் கேட்டிருந்தார். அந்த ஊரில் நிஜமாகவே சமைப்பதற்காக அடுப்பு கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பேராசிரியர் முகம் மலர்ந்தது. "அருமை! ஒரு வீடு போதும். சமர்ப்பிக்கிற வரைக்கும் அவளை அப்படியே வெச்சிரு. நீயா போய்க் குழாய் கிழாய் வாங்கிக் கொடுத்துடாதே. ஆய்வாளர் தரவுல கை வைக்கக் கூடாது, தெரியுமில்ல?"

அவளை அப்படியே வைக்க வேண்டுமாம்! ஊறுகாயா அவர்? கையெழுத்தாவது மண்ணாவது என்று எனக்கு வந்த கோபத்தில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத அம்மாளிடம் தர்மபுரி வரை பேராசிரியரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த அம்மாள் நான் மாமியாரைத் திட்டுகிறேன் என்று நினைத்து, "போவட்டும் வுடும்மா, எல்லா வூட்டுலயும் இப்பிடித்தான்" என்று ஆறுதல் சொன்னார்.

நேரே பிரசிடென்ட்டிடம் போனேன். இரண்டு குழாயில் ஒன்றைக் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார். பங்காளிக்குச் சமமாகிவிடுவாராம். கடைசியில், சார்ட்டில் அவர் பெயரை மட்டும் சிவப்பு மையில், எல்லாருக்கும் மேலே, பெரிய எழுத்தில் எழுதி, சுற்றி ஒரு பூ வளைவும் போட்டுத் தருவதாகப் பேசி முடித்தேன். அப்படியே செய்தேன். குழாயை அவரே தோளில் சுமந்துவந்து குடிசையில் இறக்கினார். அதையும் சொல்ல வேண்டும்தானே.

அக்கா அடுப்பு கட்டி, அது காய்ந்த அன்று நானும் போயிருந்தேன். பானை உட்காரவில்லைதான். அடுப்பு வாயைச் சுற்றி மூன்று ஓட்டுச் சில்லை அணைத்து உட்கார வைத்துவிட்டார். புகை குழாய் வழியாக மேலே போயிற்று. அக்கா குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்கக்கா பாக்கறீங்க?"

"கொழம்பு செவப்பா இருக்குதுங்க" என்றார். "இத்தன நாளாப் பொகையில ஒன்னுந் தெரியாம மணத்த வெச்சுத்தானுங்க எறக்குவேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே புகை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

மறுவாரம் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். கல்லூரிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள், வீட்டுக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். நடு இரண்டு பெட்டிகளையும் தேதி பார்த்து நிரப்பிவிட்டேன். கடைசிப் பெட்டி காலியாகவே இருக்க, ஆய்வேட்டையும் சார்ட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். காலியாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னால் அன்றே எல்லாம் முடிந்தது. சொல்லாமல் நீட்டினால் முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பார். பஸ்ஸில் வரும்போது மூன்றாவது மாப்பிள்ளையின் முகத்தைக்கூடக் கற்பனை செய்து பார்த்தேன்.

சார் குளிக்கிறார், உட்காரம்மா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடவே புகையும் வந்தது. கூடம் முழுக்கப் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். அங்கே ஈர விறகை ஊதிக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பேராசிரியரின் மனைவி உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவரை இருமல் பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

"என்ன ஆராய்ச்சி கண்ணு பண்ணறே?" என்று கேட்டார்.

சொன்னேன். அடுப்பைப் பற்றி என்றதும் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். சார்ட்டைக் காட்டச் சொன்னார். ஊர் முழுவதையும் கதையாகச் சொன்னேன். பிரசிடென்ட்டின் பூ வளைவுக்குச் சிரி சிரி என்று சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி இருமினார். பிறகு கீழே விரலை வைத்து, "இது காலியா இருக்குதே?" என்றார்.

"அதுதானுங்கம்மா பிரச்சினை. இதுல ஒரு வீடாவது இல்லீன்னா சார் கையெழுத்துப் போட மாட்டாரு."

அடுப்பைப் பார்த்தார். சார்ட்டைப் பார்த்தார்.

"எங்க வூட்டப் போட்டுக்க."

"ஐயோ! சாருக்குத் தெரிஞ்சா?"

"தெரியறதுக்கு அவரு இந்தப் பக்கம் வரணுமில்ல?" என்றார். "எழுது கண்ணு. பேரெல்லாம் வேண்டாம், ஒரு வூடுன்னு எழுது."

எழுதினேன். பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் விறகைத் தள்ளிவிட்டார்.

"உனக்கு என்ன வேணும்னு என்னைய யாரும் கேக்கலைன்னு எழுது."

ஆய்வேட்டிலும் சார்ட்டிலும் அப்படியே எழுதினேன்.

பேராசிரியர் திருநீறு பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். அம்புகளை எண்ணினார். கடைசிப் பெட்டிக்கு வந்ததும், "ஆங், இப்பத்தான் சட்டகம் நிக்குது" என்று தலையாட்டினார். காரணத்தைப் படித்ததும் புருவம் சுருங்கியது.

"இதென்னம்மா, கேக்கலையாமே? கோட்பாட்டுல இப்படி ஒரு காரணமே கிடையாது." சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். மேலே, பழைமைப் பிடிப்பு என்று தன் கைப்பட எழுதினார். "யாரிந்த வீட்டுக்காரி? இத்தனை சொல்லியும் மாறலைன்னா மகா பிடிவாதக்காரியா இருப்பா போலிருக்கே."

அடுப்பங்கரையிலிருந்து இருமல் சத்தம் வந்தது. அது நின்றதும் குரல் வந்தது.

"ஆமாங்க, மகா பிடிவாதக்காரி. காப்பி ஆயிடுச்சு, எடுத்துட்டு வரட்டுங்களா?"

"கொண்டா" என்று சொல்லிக்கொண்டே பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.